காலிக் கட்டத்துக்கு ஒரு சண்டை

“காலியா இருந்தா காலியாவே இருக்கட்டும்னு விடுறதுக்கு எதுக்குடா நம்ம சாஃப்ட்வேர்? ஒரு வெள்ளைப் பேப்பரைக் கையில கொடுத்துட்டுக் கிளம்பிடலாமே!”

“பொய்ய ரொப்பி நீட்டுறதுக்கு வெள்ளைப் பேப்பர் எவ்வளவோ தேவலாம்!”

“கத்தாதடா.”

“நீதான் கத்துற.”

“நான் பேசுறேன். என் குரலே அப்படி.”

எதிர்வீட்டு அக்காவும் தம்பியும்தான். அந்த நேரம் பார்த்து நான் வாசலில் கால்மிதியை உதறிக்கொண்டிருந்தேன். கால்மிதியை உதற அவ்வளவு நேரம் ஆகுமா என்று கேட்கிறவர்கள், என் வீட்டுத் தூசியைப் பார்க்காதவர்கள்.

சண்டை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டின் முன்னறை இரண்டையும் ஆபீஸ் ஆக்கி, அக்கா ஒரு கம்பெனி நடத்தினாள். பொருள் விற்கிற கம்பெனிகளுக்கான மென்பொருள். விற்பனைக்காரர் ஒரு நிறுவனத்தின் பெயரை மட்டும் தட்டினால் போதும். முதலாளி யார், போன் நம்பர் என்ன, எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், கட்டடம் எத்தனை மாடி என்று மற்ற கட்டங்கள் எல்லாம் தானாக நிரம்பிக்கொள்ள வேண்டும். தானாக என்றால் வானத்திலிருந்து இல்லை. இந்த மாதிரி விவரங்களைச் சேர்த்து வைத்து விற்பதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. அவர்களிடம் ஏபிஐ என்று ஒன்று உண்டு. டிக்கெட் கவுண்டர் ஜன்னல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து மென்பொருள் கேள்வியை உள்ளே நீட்டும், அங்கிருந்து பதில் வெளியே வரும்.

எந்த ஜன்னலில் போய் நிற்பது என்பதுதான் சண்டை. ஜன்னல் மூன்று, ஆளும் மூன்று.

அக்கா பிடித்துக்கொண்டு நின்ற கம்பெனி ஒரு கட்டத்தையும் விடாது. கேட்டதற்கெல்லாம் பதில் உண்டு. தம்பிக்கு ஆகாது. அவன்தான் அந்த மென்பொருளை எழுதியவன். அவன் பிடித்த கம்பெனி, உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லும். மற்றக் கட்டங்களில் ‘தெரியாது’ என்று போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். மூன்றாவது, அக்காவின் கணவர் பிடித்தது. அவர் விற்பனையில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவருக்கு வேண்டியதெல்லாம் வேகம். “கஸ்டமர் கண்ணைச் சிமிட்டித் திறக்கிறதுக்குள்ள பதில் வந்து நிக்கணும் மச்சான். அதுக்கு மேல ஆனா, அவர் வாட்சைப் பார்ப்பார். வாட்சைப் பார்த்துட்டா ஆட்டம் குளோஸ்” என்பார். அவருடைய கம்பெனி உண்மையிலேயே மின்னல். தகவல்தான் சற்றுப் பழையது.

அவரை நான் அத்தான் என்றே எழுதப் போகிறேன். எனக்கு அவர் அத்தான் முறை இல்லை. ஆனால் தம்பி நாள் முழுக்க அத்தான், அத்தான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இந்தக் கட்டடத்தில் தண்ணீர் கேன் போடுகிறவர் உட்பட எல்லோருக்கும் அவர் அத்தான் ஆகிவிட்டார்.

தம்பி சும்மா வாயால் மட்டும் சண்டை போடுகிற ரகம் இல்லை. நிரூபிப்பதற்கென்றே ஒரு பரிசோதனைப் பக்கம் எழுதினான். ஒரு பெயரைத் தட்டினால் மூன்று கம்பெனியின் பதிலும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். அந்தக் கம்பெனிகளின் பெயர்கள் இருமல் மருந்துப் பெயர் மாதிரி வாயில் நுழையாதவை. அதனால் தலைப்பில் ‘அக்கா சொல்வது’, ‘தம்பி சொல்வது’, ‘அத்தான் சொல்வது’ என்று போட்டு வைத்தான். வீட்டுக்குள் பேசிக்கொள்வதும் அப்படித்தான்.

நாங்கள் இருக்கும் இந்தக் கட்டடத்தையே முதலில் தட்டிப் பார்த்தார்கள். அக்கா சொன்னது பதினொரு மாடி.

“பதினொண்ணா? எங்க இருக்கு மிச்சம் ஏழு? ஆன்ட்டி, நீங்க எங்கயாவது பார்த்தீங்களா?” என்று தம்பி திறந்திருந்த கதவு வழியாக என்னைக் கேட்டான்.

“மொட்டை மாடிக்கு மேல வானம்தான் இருந்துச்சு, நேத்து வரைக்கும்” என்றேன். அக்கா என்னை முறைத்தாள். எனக்கென்ன வந்தது, கேட்டதற்குச் சொன்னேன்.

“ஒண்ணு ரெண்டு தப்பு வரத்தான் செய்யும்” என்றாள் அக்கா. “உன்னோடது என்னடா சொல்லுது? தெரியாது. போன் நம்பர்? தெரியாது. யாருப்பா மேனேஜர்? தெரியாது. இதைக் காசு கொடுத்து வேற வாங்கணுமாக்கும். அதுக்குத்தான் நம்ம வீட்லயே நீ இருக்கியே!”

சிரிக்கத்தான் செய்தேன். ஆனால் அக்காவின் நிலைமை சிரிப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். அவள் ஒரு பெரிய ஆபீசில் நல்ல வேலையில் இருந்தவள். அதை விட்டுவிட்டு இதில் இறங்கினாள். சின்னச் சின்ன வாடிக்கையாளர்களை வைத்து எத்தனை நாள் ஓட்டுவது? லிஃப்ட் விற்கிற கம்பெனி ஒன்று, டெமோ பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தது. அது கிடைத்தால் கம்பெனி நிற்கும். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் மூடிவிட்டு அவள் பழைய நாற்காலிக்கே திரும்ப வேண்டியதுதான். பழைய மேனேஜர் வேறு அவ்வப்போது போன் செய்து, “உன் சீட்டை இன்னும் யாருக்கும் கொடுக்கலம்மா” என்பார். நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த போன் வந்த நாளிலெல்லாம் அக்கா பாத்திரம் கழுவுகிற சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

இதற்கு நடுவில் தம்பிக்கு ஒரு புதுப் பழக்கம். ‘தெரியாது’ கம்பெனியின் உதவி எண்ணுக்கு தினமும் போன் போட ஆரம்பித்தான். வீட்டுக்குள் அக்கா குரல் என்பதால் படிக்கட்டில் உட்கார்ந்து பேசுவான். படிக்கட்டு பொது இடம். எனக்கும் மேலே கீழே போக வேலை இருக்கும்.

“இல்லைங்க, புகார் இல்லைங்க… இன்னைக்கும் ரெண்டு கட்டம் காலியா வந்துச்சு… ஐயோ, அதுக்குக் கோவம் இல்லைங்க. சந்தோஷமா இருக்குன்னு சொல்லத்தான் போன் பண்ணேன்… ஆமாங்க, காலியா வந்ததுக்குத்தான்.”

அந்தப் பக்கம் பேசியது ஒரு பெண். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல மாட்டேன். ஆனால் தம்பியின் காது நுனி சிவந்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

டெமோவுக்கு முந்தின நாள் அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். “நாளைக்கு என்னோடதுதான். பேசாம அதை மட்டும் மாட்டு. கஸ்டமர் முன்னாடி ஓட்டை ஓட்டையா ஒரு பக்கத்தை என்னால காட்ட முடியாது.” தம்பி உம்மென்று முகத்தை வைத்துக்கொண்டு மாட்டினான். மாட்டியவன் பரிசோதனைப் பக்கத்தை மூடவில்லை. அது பாட்டுக்குப் பக்கத்தில் திறந்தே கிடந்தது.

மறுநாள் காலை அவர்கள் வீட்டில் நாற்காலி போதவில்லை. என்னிடம் நல்லதாக இரண்டு உண்டு. கேட்பதற்கு முன்பே தூக்கிக்கொண்டு போனேன். ஒன்றில் லிஃப்ட் கம்பெனி முதலாளி உட்கார்ந்தார். இன்னொன்று என்னுடையது என்பதால் அதில் நான் உட்கார்ந்தேன். அக்கா என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். விருந்தாளி முன்னால் எப்படிச் சொல்வாள்?

முதலாளி ஒரு பெண்மணி. லிஃப்ட் அம்மா என்றே வைத்துக்கொள்வோம். பருத்திச் சேலை, பெரிய கைப்பை, சிரிக்காத முகம். கூட ஒரு விற்பனைப் பையன். வாசல் நிலைக்குக் குனிந்து வந்ததால் அவன் எனக்கு நெட்டையன். அவன் உட்காரவும் இல்லை, நிலையடியிலேயே நின்றுகொண்டான். உட்கார்ந்தால் முழங்கால் யார் மேலாவது இடிக்கும்.

அத்தான் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் எழுந்து நின்று, புரொஜெக்டரிலிருந்து சுவரில் விழுந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் கையை வீசினார். “மேடம், நீங்க ஒரே ஒரு பேர் சொல்லுங்க. மத்ததை எங்க சாஃப்ட்வேர் சொல்லும்.”

“எங்க கம்பெனி பேரையே போடுங்க. என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்” என்றார் லிஃப்ட் அம்மா.

தம்பி தட்டினான். சுவரில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது. இன்னும் சுற்றியது. அக்கா பிடித்த கம்பெனிக்கு அன்று காலை பார்த்து என்ன கேடோ, ஜன்னலைத் திறக்கவே இல்லை. அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி மேலே மின்விசிறியைப் பார்த்தான். லிஃப்ட் அம்மா, நான் கண்ணால் கண்டேன், வாட்சைப் பார்த்தார்.

அவ்வளவுதான். அத்தானுக்கு உயிரே போய்விட்டது. ஒரே பாய்ச்சலில் மௌஸைப் பிடுங்கி, பக்கத்தில் திறந்திருந்த பக்கத்தை அழுத்தி, பெயரைத் தானே தட்டினார். “இதோ மேடம், வந்துருச்சு!” என்று திரும்பிச் சிரித்தவர், எதிரில் இருந்த முகங்களைப் பார்த்துவிட்டுத்தான் மெதுவாகச் சுவரைப் பார்த்தார்.

‘அத்தான் சொல்வது’ என்று கொட்டை எழுத்தில் நின்றது. அதற்குக் கீழே உரிமையாளர் என்ற கட்டத்தில் லிஃப்ட் அம்மாவின் மாமனார் பெயர்.

“எங்க மாமனார் வேலையை விட்டு வருஷக்கணக்காச்சு. இப்ப கிளி வளர்க்கிறார்” என்றார் லிஃப்ட் அம்மா. “யாரு இந்த அத்தான்? ரொம்பப் பழைய ஆளா இருப்பார் போல.”

அத்தான் தன் சட்டை மடிப்பைத் தடவிக்கொண்டார்.

அடுத்து ‘தம்பி சொல்வது’ வந்தது. உரிமையாளர் பெயர் சரியாக லிஃப்ட் அம்மாவுடையது. போன் நம்பர், தெரியாது. ஊழியர் எண்ணிக்கை, தெரியாது.

“ம். தம்பி அடக்கமானவர்.”

கடைசியில், ஆடி அசைந்து ‘அக்கா சொல்வது’ வந்து சேர்ந்தது. எல்லாக் கட்டமும் நிரம்பி வழிந்தது. ஊழியர்கள் நானூறு பேர்.

“நானூறா!” நெட்டையன் நிமிர்ந்ததில் தலை நிலையில் இடித்தது. “மேடம், நாம அறுபது பேர் கூட இல்லையே. மிச்சப் பேர் எங்க மேடம் உட்கார்ந்திருக்காங்க?”

“போன் நம்பர் சரியா இருக்கே, அதைப் பாரு” என்று அவனை அடக்கிவிட்டு, லிஃப்ட் அம்மா திரும்பினார். “இந்த அக்கா, தம்பி, அத்தான் எல்லாம் என்னது?”

அத்தான்தான் முந்திக்கொண்டார். “அது வந்து மேடம், டெக்னிக்கலா… ஒவ்வொரு லெவலுக்கும் நாங்க வெச்சிருக்கிற ஒரு…”

நல்ல பொய் ஒன்று அவர் வாயில் உருண்டு திரண்டுகொண்டிருந்தது. அக்கா பேசாமல் இருந்திருந்தால் அது வெளியே வந்து, ஒருவேளை போணியும் ஆகியிருக்கும். அவள் அவரைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். பிறகு மேசை மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

“லெவலும் இல்ல, ஒண்ணும் இல்ல மேடம். அக்கா நான். தம்பி அவன். அத்தான் இவர், என் வீட்டுக்காரர். தகவல் கொடுக்கிற கம்பெனி மூணு இருக்கு. எதை வாங்குறதுன்னு எங்க மூணு பேருக்கும் ஒத்துப்போகல. யார் எதுக்காகச் சண்டை போடுறோமோ, அவங்க பேரை மேல எழுதி வெச்சிருக்கான். இது உங்களுக்குக் காட்டுறதுக்கு இல்ல. காட்ட வெச்சிருந்தது என்னோடது. அது சுத்திக்கிட்டே இருந்துச்சே, அதுதான்.”

தம்பி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். சண்டை போடுகிற பார்வை இல்லை அது.

லிஃப்ட் அம்மா கைப்பையை மடியில் வைத்தார். கிளம்பப் போகிறார் என்று நினைத்தேன். பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு துணி மில்லின் பெயரைச் சொல்லி, “அதைப் போடுங்க” என்றார்.

அந்தப் பெயரைக் கேட்டதும் நெட்டையன் முகம் தொங்கியது. “வேண்டாம் மேடம்.”

“போடட்டும்டா. இவங்களும் தெரிஞ்சுக்கட்டும்.” எங்களைப் பார்த்துச் சொன்னார். “முன்னாடி வேற ஒரு சாஃப்ட்வேர் வெச்சிருந்தோம். அது இந்த மில்லுல ஏழு மாடின்னு சொல்லுச்சு. இவன் டை கட்டிக்கிட்டு, ஏழு மாடிக்கும் கணக்குப் போட்டு, படம் எல்லாம் வரைஞ்சு எடுத்துக்கிட்டுப் போனான்.”

“போனா?” என்று நான் கேட்டுவிட்டேன். யாராவது கேட்க வேண்டாமா?

“தரையோட தரையா ஒரே ஒரு ஷெட்டு ஆன்ட்டி” என்றான் நெட்டையன். “மேல தகரம். மில் ஓனர் என்னை உள்ள கூப்பிட்டு, தம்பி, லிஃப்டு மேல போறதா கீழ போறதான்னு கேட்டார்.”

தம்பி தட்டினான். மின்னல் மாதிரி அத்தான் பதில் வந்தது: தரைத்தளம் மட்டும். தம்பி பதில்: தெரியாது. பிறகு எல்லோரும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க, அக்கா பதில் வந்தது: ஏழு மாடி.

“அக்காதான் மேடம்!” நெட்டையன் சுவரையே காட்டிக் கத்தினான். “என்னை அங்க அனுப்புனது இந்த அக்காதான்! அதே அக்கா!”

லிஃப்ட் அம்மாவுக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அந்தக் கைப்பையில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அக்காவுக்கே அடக்க முடியவில்லை. அத்தான் மட்டும் சிரிக்காமல் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். “தரைத்தளம்னு நான்தானே சொன்னேன்? பழைய ஆளு, பழைய ஆளுன்னீங்க!”

“கட்டடம் எங்க அத்தான் நகரப் போகுது? அதுக்குப் பழைய தகவலே போதும்” என்றான் தம்பி. சொல்லிவிட்டு அப்படியே நின்றான். வாய் பாதி திறந்தபடி இருந்தது. “அக்கா… அதானே! மாடிக் கணக்கு அத்தான்கிட்ட கேட்கலாம். ஆளுங்க மாறிக்கிட்டே இருப்பாங்க, முதலாளி யாருன்னு என்கிட்ட கேட்கலாம். போன் நம்பர்…”

“என்கிட்ட” என்றாள் அக்கா. “நம்பர் நான் சரியாத்தான் சொன்னேன்.”

“நீ சொன்ன நானூறு பேர்?”

“அதை நீ ‘தெரியாது’ன்னே போட்டுக்க, போ.”

ஒரு மாதமாக ஒரே ஒரு ஜன்னலைத் தேடி அடித்துக்கொண்டவர்களுக்கு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு ஜன்னலில் நிற்கலாம் என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. படித்தவர்கள்தான், என்ன செய்வது? வீட்டுச் சண்டையில் யார் ஜெயிப்பது என்பதுதானே முக்கியம், மற்றதெல்லாம் பிறகுதானே தோன்றும்.

லிஃப்ட் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எங்க பழைய சாஃப்ட்வேர் ஒரே ஒரு பதில் சொல்லும். யார் சொன்னான்னு சொல்லாது. இதுல யார் சொன்னதுன்னு தெரியுது. ஆளுக்கு ஆள் மாத்திச் சொன்னா, டை கட்டுறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுக் கேட்டுக்கலாம். எனக்கு இதுதான் வேணும்.”

“சரி மேடம். பேரை மட்டும் மாத்தி நீட்டா…” என்று ஆரம்பித்தார் அத்தான்.

“பேரை மாத்தினா நான் வேற இடம் பார்த்துக்கிறேன். என் பசங்களுக்குச் சோர்ஸ் ஒண்ணு, சோர்ஸ் ரெண்டுன்னா மண்டையில ஏறாது. அக்கா கூட்டிச் சொல்லுவா, தம்பி தெரியாதும்பான், அத்தான் பழசு பேசுவார். ஒரு தடவை சொன்னா மறக்கவே மாட்டாங்க.”

“மேடம், அத்தான் பழசுன்னு…”

“நீங்க சும்மா இருங்க” என்றாள் அக்கா. கணவரின் கையையும் பிடித்துக்கொண்டாள். அதையும் பார்த்தேன்.

அன்றைக்கே கையெழுத்தாயிற்று. நான் கொண்டுபோன நாற்காலியைத் திரும்பக் கேட்கவும் மனம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம் அந்த வீட்டில். சாயங்காலம் பழைய மேனேஜர் போன் வந்தது. அக்கா படிக்கட்டுக்கே வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “சார், அந்த சீட்டை யாருக்காவது கொடுத்துடுங்க சார், பாவம், எவ்வளவு நாள்தான் காலியா வெச்சிருப்பீங்க!” என்றாள். அன்று பாத்திரமே கழுவவில்லை. ஹோட்டலில் சாப்பிட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், போனேன்.

லிஃப்ட் அம்மா வாய் சும்மா இருக்குமா? அவர் சொல்லி இன்னும் இரண்டு மூன்று கம்பெனிகள் வந்தன. ஜெனரேட்டர் விற்கிறவர்கள், அலுவலக மேசை நாற்காலி விற்கிறவர்கள். எங்கேயோ யாரோ விற்பனைப் பையன்கள் வண்டியை நிறுத்திவிட்டு, “அத்தானைக் கேட்டியா? தம்பி என்ன சொன்னான்?” என்று பேசிக்கொள்கிறார்களாம். இந்த அத்தானுக்கு அதில் பெருமை தாங்கவில்லை. தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று இப்போது நம்பவே ஆரம்பித்துவிட்டார்.

தம்பி கதைக்கு வருவோம். கையெழுத்தான சேதியை அவன் முதலில் சொன்னதே அந்த உதவி எண் பெண்ணுக்குத்தான். பிறகு அவள் ஏதோ பயிற்சி கொடுக்கிற சாக்கில் நேரிலேயே வந்தாள். குள்ளமாக, துறுதுறுவென்று, நல்ல களையான பெண். வந்த வேலை முடிந்த பிறகும் தம்பிக்குச் சந்தேகம் தீரவில்லை. மறுபடி வந்தாள். அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சுற்றி வளைக்கிற பழக்கம் அவளுக்கு ஏது?

“எங்க தம்பியை உனக்குப் பிடிச்சிருக்காம்மா?”

“இன்னும் தெரியலைங்க. தெரிஞ்சதும் சொல்றேன்” என்றாளாம்.

அக்கா என் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “அந்தக் கம்பெனியே இப்படித்தான் ஆன்ட்டி! ஒரு கேள்விக்குப் பதில் வராது!”

பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்தப் பெண்ணே அக்காவுக்கு போன் செய்தாள். “தெரிஞ்சிருச்சுங்க” என்று ஒரே வார்த்தை. அக்கா பதிலுக்குச் சொன்னது பத்து நிமிஷம்.

கல்யாணம் ஆயிற்று. தம்பி அவளுடைய ஊருக்கே குடிபோய்விட்டான். அங்கிருந்தே வேலை பார்க்கிறான். அக்காவும் தம்பியும் இப்போது வீடியோவில் சண்டை போடுகிறார்கள், அந்தப் பெண்தான் நடுவர் என்று கேள்வி. அக்காவும் அத்தானும் லிஃப்ட் அம்மாவின் ஆபீசுக்குப் பக்கத்திலேயே பெரிய இடமாகப் பார்த்து மாறினார்கள். நெட்டையன் லிஃப்ட் வேலையை விட்டுவிட்டு, லிஃப்ட் அம்மாவின் ஆசியோடுதான், அக்காவிடம் சேர்ந்தான். கீழ்வீட்டுப் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டு, காலியான அதே எதிர்வீட்டுக்கு வந்திருக்கிறான். நல்ல பிள்ளைகள் இரண்டும். எந்நேரமும் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள், அது ஒன்றுதான் குறை.